கோதாவிலிருந்து மெத்தைக்கு: காஷாபா ஜாதவின் மல்யுத்த வாழ்வும் இந்திய மல்யுத்தத்தைத் தாங்கிய ஆதரவு முறைகளும்

1952-ல் ஹெல்சிங்கியில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் ஃப்ரீஸ்டைல் மல்யுத்தம் 57 கிலோ எடைப்பிரிவில் காஷாபா தாதாசாகேப் ஜாதவ் வெண்கலப் பதக்கம் வென்றார். 1900-ல் பாரிஸில் ஓட்டப் பந்தயங்களில் இரண்டு வெள்ளி வென்ற நார்மன் பிரிட்சர்டை இந்தியக் கணக்கில் சேர்ப்பதா பிரிட்டன் கணக்கில் சேர்ப்பதா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. ஆனால் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் ஜாதவுடையது என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அடுத்த தனிநபர் பதக்கத்தை லியாண்டர் பயஸ் டென்னிஸில் வெல்ல 44 ஆண்டுகள் ஆயின. மல்யுத்தத்தில் இன்னொரு பதக்கம் கிடைக்க 56 ஆண்டுகள் பிடித்தன.

ஜாதவைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் இதை வறுமையை வென்ற தனிமனிதனின் கதையாகவே சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவருக்கு முன்னும் பின்னும் அதே மண்ணில் திறமையான மல்லர்கள் இருந்தார்கள். அவர் எந்த ஆண்டுகளில் ஆடினார், அந்த ஆண்டுகளில் மல்லர்களுக்குச் சோறும் பயணச் செலவும் யார் கொடுத்தார்கள் என்று பார்த்தால்தான் அந்த 56 ஆண்டு இடைவெளிக்கு விளக்கம் கிடைக்கும். சமஸ்தான ஆதரவு முடிந்து, அரசு ஆதரவு உருப்பெறாதிருந்த சில ஆண்டுகளில் அமைந்தது அவருடைய போட்டி வாழ்வு.

கோலாப்பூர்ப் பின்னணி

மராட்டியத்தின் தென்மேற்குப் பகுதியில் குஸ்தி ஊர்த் திருவிழாவோடும் அறுவடையோடும் பின்னிப்பிணைந்த ஆட்டம். வட இந்தியாவில் அகாடா என்று சொல்லப்படும் பயிற்சிக் கூடத்துக்கு இங்கே தாலீம் என்று பெயர். தமிழில் நாம் கோதா என்போம். தோண்டிச் சலித்த செம்மண்ணில் எண்ணெய், மோர், மஞ்சள்பொடி சேர்த்துப் பதப்படுத்துவார்கள். விடியுமுன் தண்டாலும் பஸ்கியும் எடுத்துவிட்டு மல்லர்கள் அந்த மண்ணில் இறங்குவார்கள்.

கோலாப்பூர் சமஸ்தானத்தை 1894 முதல் 1922 வரை ஆண்ட சாகு மகாராஜா இந்தக் கலைக்குக் கொடுத்த ஆதரவு வேறெந்தச் சமஸ்தானத்துக்கும் குறைந்ததல்ல. பல பகுதிகளிலிருந்து மல்லர்களை வரவழைத்துத் தங்கவைத்தார். ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக 1902-ல் ஐரோப்பா சென்றபோது ரோம் நகரின் பழைய வட்டரங்கைப் பார்த்துவந்தவர், அதன் நினைவில் கோலாப்பூரில் காஸ்பாக் மைதானத்தைக் கட்டினார். நடுவே தாழ்ந்த மண் களம், சுற்றிலும் படிப்படியாக உயரும் இருக்கைகள். எந்த மூலையில் உட்கார்ந்தாலும் பிடி தெரியும். 1912 முதல் அங்கே குஸ்தி நடந்துவருகிறது.

அந்த ஆதரவுக்கு ஓர் எல்லை இருந்ததையும் குறிப்பிட வேண்டும். மன்னர்கள் விரும்பியது பேருடல் கொண்ட பயில்வான்களை. பாலும் பாதாமும் நெய்யும் கொடுத்து வளர்க்கப்பட்ட அந்த மல்லர்கள் சமஸ்தானத்தின் கௌரவச் சின்னங்கள். எடைப்பிரிவு என்ற எண்ணமே அங்கே வலுவாக இல்லை. ஐந்தரை அடி உயரம்கூட எட்டாத ஒல்லி மல்லனுக்கு அந்த அமைப்பில் கிடைத்த இடம் சிறியது. ஆனால் ஒலிம்பிக்கில் இந்தியர்கள் முதலில் பதக்கத்தை நெருங்கியது சிறிய எடையில்தான். 1920-ல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்குத் தோராப்ஜி டாட்டாவின் முயற்சியில் சென்ற சிறு குழுவில் இரண்டு மல்லர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான ரந்தீர் ஷிண்டே ஃபெதர்வெயிட் பிரிவில் நான்காம் இடம் பெற்றார். 1934-ல் லண்டனில் நடந்த பிரிட்டிஷ் பேரரசு விளையாட்டுகளில் ரஷீத் அன்வர் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்றார். இவை தொடர்ச்சியற்ற தனிச் சம்பவங்களாகவே நின்றன.

கோலேஷ்வரிலிருந்து லண்டன் வரை

ஜாதவ் 1926 ஜனவரி 15 அன்று சாத்தாரா மாவட்டம் கராட் அருகே உள்ள கோலேஷ்வர் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தாதாசாகேப் அறியப்பட்ட மல்லர். ஐந்து மகன்களில் காஷாபா கடைக்குட்டி. மிகச் சிறு வயதிலேயே தந்தையோடு கோதாவில் இறங்கினார். கராட் திலகர் உயர்நிலைப் பள்ளியில் படித்த காலம் 1942 ஆகஸ்ட் போராட்டத்தின் காலமும் ஆகும். சாத்தாரா மாவட்டத்தில் அந்தப் போராட்டம் இணை அரசாங்கம் நடத்தும் அளவுக்கு முற்றியது. மாணவரான ஜாதவும் அதில் பங்கெடுத்தார்.

பின்னர் கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியில் சேர்ந்தார். கல்லூரியின் ஆண்டு விளையாட்டுப் போட்டியில் பெயர் கொடுக்கப் போனபோது, மெலிந்த உடலைப் பார்த்து விளையாட்டு ஆசிரியர் சேர்க்க மறுத்தார். கல்லூரி முதல்வரிடம் நேரில் போய் அனுமதி வாங்கிய ஜாதவ், களத்தில் தம்மைவிடப் பெரிய உடல்காரர்களை ஒவ்வொருவராகச் சாய்த்தார். பாபுராவ் பலாவ்டே, பேலாபுரி குருஜி ஆகியோரிடம் அவர் பெற்ற பயிற்சி மரபான குஸ்திப் பயிற்சி. எதிராளியின் கழுத்தைக் கக்கத்துக்குள் வளைத்துப் பிடித்து இடுப்பின் மேல் சுழற்றி எறியும் ‘டாக்’ என்ற பிடி அவருடைய கைவந்த கலை. எடை குறைந்தவன் தன் வேகத்தால் எதிராளியின் எடையையே அவனுக்கு எதிராகத் திருப்பும் பிடி அது. மண்ணிலும் செல்லும், மெத்தையிலும் செல்லும். பிற்காலத்தில் ஜாதவ் மெத்தைக்கு மாறியபோது கோதாவிலிருந்து பெரிய மாற்றமின்றிக் கொண்டுபோக முடிந்த பிடிகளில் இது முக்கியமானது.

1948 லண்டன் ஒலிம்பிக்குக்கான அவரது பயணச் செலவைக் கோலாப்பூர் மகாராஜா ஏற்றார். 52 கிலோவுக்கான ஃப்ளைவெயிட் பிரிவில் இறங்கிய ஜாதவுக்கு அப்போது 22 வயது. மெத்தைமீது மோதிய அனுபவம் இல்லை. மண்ணுக்கும் மெத்தைக்கும் உள்ள வேறுபாடு தரையின் வேறுபாடு மட்டுமல்ல. மண்ணில் கால் சற்றுப் புதையும், வியர்வை வழுக்காமலிருக்க உடலில் மண் பூசிக்கொள்ளலாம், பிடித்த பிடியில் நெடுநேரம் நின்று எதிராளியைக் களைக்கவைக்கலாம். எதிராளியை மல்லாத்தும்வரை போட்டி நீளும். மெத்தையில் காலணி அணிந்து, தூரத்திலிருந்து பாய்ந்து, எதிராளியின் காலைக் கவ்வ வேண்டும். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். யாரும் மல்லாத்தப்படாவிட்டால் மூன்று நடுவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். மண்ணில் பொறுமையாக இருந்த குணம் மெத்தையில் மந்தமாகத் தோன்றும்.

லண்டனில் அமெரிக்கரான ரீஸ் கார்ட்னர் அவருக்குப் பயிற்சி அளித்தார். ஆஸ்திரேலியாவின் பெர்ட் ஹாரிஸை முதல் சில நிமிடங்களிலேயே வீழ்த்திய ஜாதவ், அமெரிக்காவின் பில்லி ஜெர்னிகனையும் வென்றார். ஈரானின் மன்சூர் ரயீசியிடம் தோற்று வெளியேறினார். கிடைத்தது ஆறாம் இடம். புதிய தளத்தில், புதிய விதிகளில், சில வாரப் பயிற்சியில் கிடைத்த ஆறாம் இடம் என்பதால் ஹெல்சிங்கியை விட லண்டனே அவரது திறமைக்குப் பெரிய சான்று என்றும் வாதிட இடமுண்டு.

செலவு யாருடையது

லண்டனுக்கும் ஹெல்சிங்கிக்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் நடந்த அரசியல் மாற்றம் ஜாதவின் வாழ்வை நேரடியாகத் தொட்டது. 1949 மார்ச் 1 அன்று கோலாப்பூர் சமஸ்தானம் பம்பாய் மாகாணத்தோடு இணைக்கப்பட்டது. மகாராஜாவுக்கு மானியம் இருந்தது, கருவூலம் இல்லை. தாலீம்களுக்குப் போய்க்கொண்டிருந்த பணம் வற்றத் தொடங்கியது. புதிய அரசுக்கோ அகதிகள் மறுவாழ்வு, உணவுப் பற்றாக்குறை என்று தலைக்கு மேல் வேலை. விளையாட்டு அதன் பட்டியலில் எங்கோ கடைசியில் இருந்தது.

இந்தக் காலத்தில் ஜாதவ் ஃப்ளைவெயிட்டிலிருந்து ஒரு படி மேலே, 57 கிலோ பாண்டம்வெயிட் பிரிவுக்கு மாறினார். நாள்தோறும் இருவேளையும் பல மணி நேரம் நீளும் பயிற்சியில் ஆயிரம் பஸ்கியும் முந்நூறு தண்டாலும் எடுத்தார் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுவதுண்டு.

தேர்வில் ஒரு சிக்கல் எழுந்தது. சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் நடுவர்கள் வேண்டுமென்றே தமக்கு ஒரு புள்ளி குறைத்துப் போட்டு ஒலிம்பிக் வாய்ப்பைப் பறித்தார்கள் என்பது ஜாதவின் குற்றச்சாட்டு. அவர் முறையிட்டது பாட்டியாலா மகாராஜா யாதவீந்திர சிங்கிடம். இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவராக அப்போது இருந்தவர் அவரே. மீண்டும் ஒரு தேர்வுப் போட்டிக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. அதில் எதிராளியை வீழ்த்தி ஜாதவ் இடம்பிடித்தார். சமஸ்தானங்கள் சட்டப்படி மறைந்துவிட்ட பின்னரும் ஒரு மல்லனின் நியாயத்துக்கு முடிவு சொல்லும் இடத்தில் ஒரு மகாராஜா இருந்தார் என்பது அன்றைய விளையாட்டு நிர்வாகத்தின் அமைப்பைக் காட்டுகிறது.

தேர்வாகிவிட்டால் போதாது. வீரர் தம் பயணச் செலவைத் தாமே திரட்ட வேண்டும். பம்பாய் மாநில முதலமைச்சர் மொரார்ஜி தேசாயிடம் 4,000 ரூபாய் கேட்டபோது, போட்டி முடிந்த பிறகு வந்து பாருங்கள் என்ற பொருளில் பதில் வந்ததாகச் சொல்லப்படுகிறது. ஜாதவின் குடும்பத்தார் கோலேஷ்வரிலும் சுற்று ஊர்களிலும் வீடு வீடாகப் போய் வசூலித்தார்கள். பெரும் பங்கு வேறிடத்திலிருந்து வந்தது. ராஜாராம் கல்லூரி முதல்வர் கர்டிகர் தம் வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். அக்காலக் கல்லூரி ஆசிரியர் ஒருவரின் வருமானத்தை நினைத்துப் பார்த்தால் இந்தத் தொகையின் கனம் புரியும்.

ஹெல்சிங்கி

ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இரண்டு புதிய சக்திகள் மல்யுத்தக் களத்துக்கு வந்தன. சோவியத் ஒன்றியம் முதன்முறையாக ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது. 1948-ல் அழைக்கப்படாத ஜப்பான் மீண்டும் சேர்க்கப்பட்டது. ஃப்ரீஸ்டைலுக்கான முதல் உலகப் போட்டி அதற்கு முந்தைய ஆண்டு அதே ஹெல்சிங்கியில்தான் நடந்திருந்தது. இந்தியக் குழுவில் ஜாதவோடு இன்னொரு கோலாப்பூர் மல்லரும் இருந்தார். கேசவ் மங்காவே ஃபெதர்வெயிட் பிரிவில் நான்காம் இடம் பெற்றார். ஒரே சிறு வட்டாரம் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு மல்லர்களைப் பதக்கத்தின் அருகே கொண்டுசென்றது. ஜாதவின் வெற்றி தற்செயலல்ல என்பதற்கு மங்காவேயின் நான்காம் இடமே வலுவான ஆதாரம். அவரை வரலாறு ஏறக்குறைய மறந்துவிட்டது.

அன்றைய போட்டி முறை இன்றைய வாசகருக்குப் புதிராக இருக்கலாம். ஒரு முறை தோற்றவர் உடனே வெளியேறுவதில்லை. எதிராளியை மல்லாத்தி வென்றால் குற்றப்புள்ளி கிடையாது. நடுவர் தீர்ப்பில் வென்றால் ஒரு குற்றப்புள்ளி, தோற்றால் மூன்று. ஐந்து சேர்ந்தவர் வெளியேற, மூன்று பேர் மிஞ்சும்போது அவர்கள் தமக்குள் மோதிப் பதக்க வரிசையைத் தீர்மானிப்பார்கள். ஆகவே வெறுமனே வெல்வதைவிட வீழ்த்தி வெல்வதற்கு மதிப்பு அதிகம். மல்லாத்துவதையே இலக்காகக் கொண்ட குஸ்தி மரபில் வந்தவருக்கு இந்த விதி ஒருவகையில் சாதகமானது.

ஜாதவ் கனடாவின் ஏட்ரியன் பொலிக்கினையும் மெக்சிகோவின் லியோனார்டோ பசுர்த்தோவையும் வீழ்த்தினார். ஜெர்மனியின் ஃபெர்டினண்ட் ஷ்மிட்ஸை வென்றார். கடைசி மூவரில் ஒருவராக நின்றார். மற்ற இருவர் ஜப்பானின் ஷோஹாச்சி இஷி, சோவியத் ஒன்றியத்தின் ரஷீத் மமத்பேயோவ். இஷியுடனான மோதல் நீண்டது, ஜாதவ் தோற்றார். களைத்திருந்த அவரை அடுத்து மமத்பேயோவோடு மோத உடனே அழைத்தார்கள். இரு மோதல்களுக்கு இடையில் அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்பது விதி. அதை எடுத்துச்சொல்லி வாதாட இந்திய அதிகாரி எவரும் மெத்தை அருகில் இல்லை என்பது ஜாதவ் தரப்பிலிருந்து தொடர்ந்து சொல்லப்பட்டுவரும் செய்தி. அந்த மோதலிலும் தோற்ற அவருக்கு வெண்கலம் கிடைத்தது. ஓய்வு கிடைத்திருந்தால் வெள்ளி நிச்சயம் என்று சிலர் எழுதுவது மிகை. மமத்பேயோவ் எளிதில் சாயக்கூடியவர் அல்லர். ஆனால் உடன் வந்த நிர்வாகத்தின் அசட்டையை அந்தச் சம்பவம் காட்டுகிறது என்பது வரை ஏற்கலாம்.

மேடையில் நின்ற மூவரையும் ஒப்பிட்டால் ஒரு செய்தி கிடைக்கும். இஷியும் ஃப்ரீஸ்டைலிலேயே வளர்ந்தவர் அல்லர், ஜூடோவிலிருந்து வந்தவர். ஜாதவ் குஸ்தியிலிருந்து வந்தார். மரபுக் கலையிலிருந்து மெத்தைக்கு மாறியவர்கள் என்ற வகையில் இருவரும் ஒரே நிலையில் இருந்தவர்கள். வேறுபாடு அதன் பிறகு தொடங்குகிறது. ஹெல்சிங்கியில் ஜப்பானுக்குக் கிடைத்த ஒரே தங்கம் இஷியுடையது. 1932 ஒலிம்பிக்கில் மோதிய இச்சிரோ ஹத்தாவின் தலைமையில் ஜப்பான் மல்யுத்தச் சங்கம் அந்தத் தங்கத்தைத் தொடக்கமாக வைத்துக் கல்லூரிகள்தோறும் மெத்தைப் பயிற்சியைப் பரப்பியது. இந்தியாவில் அதற்கு இணையான முயற்சி எதுவும் நடக்கவில்லை. மெத்தைகளே நாட்டில் அரிதாக இருந்தன.

ஊர் திரும்பியபோது கராட் ரயில் நிலையத்திலிருந்து கோலேஷ்வர் வரை 151 மாட்டு வண்டிகளில் ஊர்வலம் போனது. நடந்தே போய்விடக்கூடிய தூரத்துக்குப் பல மணி நேரம் ஆனது. அரசின் வரவேற்பு அந்த அளவுக்கு இல்லை. ஜாதவ் அடுத்துச் செய்த காரியம் குஸ்திப் போட்டிகள் நடத்திப் பணம் திரட்டியது. அந்தப் பணத்தைக் கொண்டு கர்டிகரின் வீட்டை மீட்டுக் கொடுத்தார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர், அதற்காகப் பட்ட கடனைத் தீர்க்க மீண்டும் செம்மண்ணில் இறங்க வேண்டியிருந்தது.

காவல்துறையும் பிற்கால வாழ்வும்

1955-ல் ஜாதவ் பம்பாய் காவல்துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்தார். மன்னர் ஆதரவு போன இடத்தில் காவல்துறை, ராணுவம், ரயில்வே ஆகியவற்றின் வேலைகளே மல்லர்களுக்கு அடுத்த புகலிடமாக அமைந்தன. அந்த மாற்றத்தின் தொடக்ககால உதாரணங்களில் ஜாதவும் ஒருவர். காவல்துறைப் போட்டிகளில் வென்றார், பயிற்சியாளராகவும் பணிபுரிந்தார். முழங்கால் காயத்தால் 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்குக்கான வாய்ப்பு கைநழுவியது. சர்வதேசப் போட்டி வாழ்வு அத்துடன் முடிந்தது. அப்போது அவருக்கு வயது 30.

27 ஆண்டுகள் பணியாற்றி உதவி ஆணையராக ஓய்வுபெற்றார். ஓய்வூதியத்துக்காக அலைய வேண்டியிருந்தது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுகளின் சுடர் ஓட்டத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். 1984 ஆகஸ்ட் 14 அன்று சாலை விபத்தில் இறந்தார்.

பதக்கத்துக்குப் பின்னால் வந்த வெற்றிடம்

ஜாதவுக்குப் பின் இந்திய ஃப்ரீஸ்டைல் மல்யுத்தம் முழுக்க உறங்கிவிட்டது என்று சொல்வது சரியல்ல. 1958-ல் கார்டிஃப் காமன்வெல்த் போட்டியில் லீலா ராம் தங்கம் வென்றார். 1961-ல் யோகோகாமா உலகப் போட்டியில் ராணுவ வீரரான உதய் சந்த் வெண்கலம் பெற்றார். உலகப் போட்டியில் இந்தியாவின் முதல் பதக்கம் அது. 1967-ல் டெல்லியில் நடந்த உலகப் போட்டியில் பிஷம்பர் சிங் 57 கிலோவில் வெள்ளி வென்றார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சுதேஷ் குமாரும் பிரேம் நாத்தும் நான்காம் இடத்தோடு திரும்பினார்கள். வாசல்வரை போய்த் திரும்பும் இந்த வழக்கம் பிறகும் தொடர்ந்தது.

இந்தப் பெயர்களில் ஒரு மாற்றம் தெரிகிறது. மல்யுத்தத்தின் மையம் கோலாப்பூரிலிருந்து டெல்லிக்கும் ஹரியானாவுக்கும் நகர்ந்துவிட்டது. கோலாப்பூர் தாலீம்கள் மூடப்பட்டுவிடவில்லை. 1961-ல் தொடங்கிய மகாராஷ்டிர கேசரி போன்ற பட்டங்களும் ஊர்த் திருவிழாப் பரிசுப் பணமும் அங்கே குஸ்தியை உயிரோடு வைத்திருந்தன. ஆனால் அந்தப் புகழும் பணமும் மண்ணில் கிடைத்தவை; கேசரிப் பட்டம் பெரிய உடலுக்கே போகும். அந்த நிலையில் மெத்தைக்கு மாற ஒரு கோலாப்பூர் மல்லருக்குக் காரணம் குறைவு. வடக்கிலோ ராணுவமும் ரயில்வேயும் மெத்தைப் போட்டி வெற்றியை வேலையாகவும் பதவி உயர்வாகவும் மாற்றின. டெல்லியில் குரு ஹனுமானின் அகாடா இரண்டு உலகங்களுக்கும் பாலமாக இருந்தது. அவருடைய மாணவரும் 1982 ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றவருமான சத்பால் சிங், பின்னர் சத்ரசால் அரங்கில் சிறுவர்களைத் தொடக்கம் முதலே மெத்தைக்குப் பழக்கினார். 2008 பெய்ஜிங்கில் வெண்கலமும் 2012 லண்டனில் வெள்ளியும் பெற்ற சுஷீல் குமார் அங்கிருந்து வந்தவர். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 57 கிலோ வெள்ளி பெற்ற ரவி தஹியாவும், 2024 பாரிஸில் அதே எடையில் வெண்கலம் பெற்ற அமன் செராவத்தும் அதே அரங்கின் மாணவர்கள். இவர்கள் காலத்தில் பயணச் செலவுக்காக எவரும் வீட்டை அடகு வைக்கவில்லை. 2014-ல் தொடங்கிய ஒலிம்பிக் இலக்குத் திட்டம் போன்ற அரசு ஏற்பாடுகள் அந்தச் செலவை ஏற்றன.

அங்கீகாரம்

ஜாதவுக்கான அங்கீகாரம் பெரும்பாலும் அவர் இறந்த பின் வந்தது. மகாராஷ்டிர அரசு 1990களின் தொடக்கத்தில் சத்ரபதி விருது அளித்தது. அர்ஜுனா விருது 1961-லேயே தொடங்கிவிட்டது, ஆனால் ஜாதவுக்கு அது கிடைக்க அவர் இறந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 2010 காமன்வெல்த் போட்டிகளின்போது டெல்லி இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தின் மல்யுத்த அரங்குக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2023 ஜனவரி 15 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வைத்தது. பத்ம விருது இல்லை.

கோலேஷ்வரில் அவர் பெயரில் மல்யுத்தப் பயிற்சி மையம் கட்டுவதாக மாநில அரசு அறிவித்திருந்தது. அது ஆண்டுக்கணக்கில் எழும்பாததால், ஹெல்சிங்கிப் பதக்கத்தை ஏலம்விட்டு அந்தப் பணத்தில் தாங்களே மையம் கட்டப்போவதாக 2017-ல் குடும்பத்தார் அறிவித்தார்கள்.